விடுதி வரியும் கலை நிதியும்: சென்னையின் நிலை

விடுதி வரி என்பது தங்கும் விடுதிகளில் அறை எடுப்பவர்களின் வாடகையோடு சேர்த்து வசூலிக்கப்படும் வரி. உலகின் பல நகரங்களில் இதை நகராட்சியே விதித்து, வருவாயில் ஒரு பங்கை உள்ளூர்க் கலைகளுக்கென்று சட்டப்படி ஒதுக்குகிறது. சென்னையில் அப்படி ஓர் ஏற்பாடு இல்லை. இங்கே அறை வாடகையின் மீதான வரி முன்பு மாநில அரசுக்குப் போனது. 2017 முதல் மத்திய அரசுக்கும் மாநில அரசுக்கும் சரிபாதியாகப் போகிறது. கலைகளுக்கு அரசு செய்யும் உதவியோ வேறு இரண்டு வழிகளில் நடக்கிறது: ஒன்று வரி விலக்கு, மற்றொன்று ஆண்டுதோறும் அரசு முடிவு செய்து கொடுக்கும் மானியம். இந்த வேறுபாட்டால் உதவி யாருக்குக் கிடைக்கிறது என்பதும் மாறிவிடுகிறது. மார்கழி இசை விழாவை முன்னிட்டு வெளியூர், வெளிநாட்டு ரசிகர்கள் வந்து தங்கும் மயிலாப்பூர், தி. நகர், அடையாறு பகுதிகளை வைத்துப் பார்த்தால் அது தெளிவாகத் தெரியும்.

தமிழ்நாட்டில் ‘ஓட்டல்’ என்றால் பலருக்கும் முதலில் நினைவுக்கு வருவது இட்லி, காபி. இக்கட்டுரையில் பேசப்படுவது உணவகத்தின் மீதான வரி அல்ல, அறை வாடகை மீதான வரி.

பங்கு பிரிக்கும் முறை

வருவாயில் ஒரு பகுதியைக் கலைக்கென்று கட்டிவைப்பது தமிழ்நாட்டுக்குப் புதிதல்ல. தஞ்சைப் பெரிய கோயிலில் முதலாம் இராசராசன் குடியமர்த்திய 400 தளிச்சேரிப் பெண்டுகளுக்கு ஆளுக்கு ஒரு வீடும் ஆண்டுக்கு 100 கலம் நெல்லும் பங்காக விதிக்கப்பட்டதை அக்கோயில் கல்வெட்டு சொல்கிறது. யாருக்கு எந்த வீடு என்பது வரை அதில் பெயர் பெயராக உள்ளது. அரசன் மனம்வைத்தால் கொடுப்பது என்றில்லாமல், இன்ன பங்கு இன்னாருக்கு என்று கல்லில் வெட்டிவைத்த உரிமை அது.

இக்காலத்தில் இதற்கு அடிக்கடி காட்டப்படும் எடுத்துக்காட்டு அமெரிக்காவின் சான் பிரான்சிஸ்கோ. அந்நகரம் 1961-இல் விடுதி வரியிலிருந்து கலை மானியம் தரும் நிதியத்தைத் தொடங்கியது. ஊருக்கு வருபவர்கள் இசை, நாடகம், அருங்காட்சியகம் ஆகியவற்றுக்காகவும் வருகிறார்கள். அவர்கள் தரும் வரியில் ஒரு பகுதி அவற்றுக்கே திரும்ப வேண்டும் என்பது இதன் பின்னுள்ள வாதம். பின்னாளில் இந்தத் தொடர்பு தளர்ந்து, பணம் நகரின் பொதுச் செலவில் கலந்துவிட்டது. அதை மீட்க 2016-இல் நடந்த வாக்கெடுப்பில் பெரும்பான்மை கிடைத்தும், தேவையான மூன்றில் இரண்டு பங்கு கிடைக்காமல் தோற்றது. 2018 நவம்பரில் மறுபடி மக்கள் முன் வைக்கப்பட்டு வென்றது. இப்போது அங்கு மொத்தம் 14 விழுக்காடான விடுதி வரியில் 1.5 விழுக்காட்டுப் புள்ளி கலை, பண்பாட்டுப் பணிகளுக்கு உரியது.

பங்கு சட்டமானதோடு சச்சரவு தீர்ந்துவிடவில்லை. ஆப்பெரா, சிம்பொனி போன்ற பெரிய அமைப்புகளே பணத்தைக் கொண்டுபோகின்றன, சிறுபான்மைச் சமூகங்களின் கலைக்குழுக்களுக்குக் கிடைப்பது சொற்பம் என்ற குறை அங்கே நீண்ட காலம் இருந்தது. அதற்காக 1993-இல் தனியே ஒரு சமநீதி மானியத் திட்டம் ஏற்படுத்த வேண்டியிருந்தது.

டெக்சாஸ் மாநிலம் வேறு விதமாகச் செய்கிறது. அங்கே மாநிலச் சட்டமே நகரங்களின் விடுதி வரியை எதற்குச் செலவிடலாம் என்று வரையறுக்கிறது. பெரும்பாலான நகரங்களில் கலைக்கு 15 விழுக்காடு உச்சவரம்பு. ஹூஸ்டனுக்கு மட்டும் 19.3 விழுக்காடு. ஆனால் செலவிடும் ஒவ்வொரு டாலரும் சுற்றுலாவையும் விடுதித் தொழிலையும் நேரடியாக வளர்ப்பதாக இருக்க வேண்டும் என்பது நிபந்தனை. ஒரு தெருவிலுள்ள பிள்ளைகளுக்குப் பறையடிக்கக் கற்றுத்தரும் குழு இந்தச் சோதனையில் எப்படித் தேறும் என்று கேட்டால் பதில் சொல்வது கடினம்.

சான் டியாகோ நகர மன்றம் 2012-இல், 10.5 விழுக்காடு விடுதி வரியில் ஒரு விழுக்காட்டுப் புள்ளியை, அதாவது வருவாயில் 9.52 விழுக்காட்டை, கலைக்குத் தருவது என்று இலக்கு வைத்தது. அது இலக்காக மட்டுமே இருந்ததால், அதைத் தொடாமலே வரவுசெலவுத் திட்டங்கள் ஆண்டுக்கு ஆண்டு நிறைவேறின.

சென்னையில் அறை வாடகை மீதான வரி

தமிழ்நாட்டில் விடுதி அறைகளுக்கு ஆடம்பர வரி விதிக்கும் சட்டம் 1981-இல் வந்தது. வசூலித்தது மாநில வணிகவரித் துறை. பணம் மாநிலத்தின் பொது நிதியில் சேர்ந்தது. எந்தப் பங்கும் கலைக்கென்று குறிக்கப்படவில்லை. 1987-இல் மத்திய அரசும் தன் பங்குக்குச் செலவின வரி என்ற பெயரில் உயர்தர விடுதிகளின் கட்டணத்தின் மீது ஒரு வரி கொண்டுவந்தது. விடுதி உரிமையாளர்கள் அதை எதிர்த்து உச்ச நீதிமன்றம் வரை சென்றும் 1989-இல் சட்டம் செல்லும் என்றே தீர்ப்பானது. விடுதியில் தங்குபவரிடம் வரி வாங்க இரண்டு அரசுகளும் போட்டி போட்ட காலம் அது. மாநகராட்சி அந்தப் போட்டியில் இல்லவே இல்லை.

2017 ஜூலை 1 அன்று சரக்கு மற்றும் சேவை வரி நடைமுறைக்கு வந்தபோது மாநில ஆடம்பர வரி அதில் கரைந்தது. 2025 செப்டம்பர் 22 முதல் நாளொன்றுக்கு 7,500 ரூபாய் வரையுள்ள அறைகளுக்கு 5 விழுக்காடும், அதற்கு மேல் 18 விழுக்காடும் ஜிஎஸ்டி விதிக்கப்படுகிறது.

டிசம்பரில் ஒரு ரசிகர் கச்சேரி கேட்க வந்து, டாக்டர் ராதாகிருஷ்ணன் சாலைப் பக்கம் 8,000 ரூபாய் வாடகையில் ஓர் அறை எடுக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். ஓர் இரவுக்கு வரி 1,440 ரூபாய். அதில் 720 மத்திய அரசுக்கு, 720 மாநில அரசுக்கு. 2021–26 காலத்துக்கான 15ஆவது நிதிக்குழுவின் கணக்குப்படி மத்திய அரசின் பகிரத்தக்க வரியில் 41 விழுக்காடு மாநிலங்களுக்கு. அதில் தமிழ்நாட்டின் பங்கு 4.079 விழுக்காடு. எனவே மத்திய அரசின் 720 ரூபாயில் தமிழ்நாட்டுக்குத் திரும்புவது ஏறக்குறைய 12 ரூபாய். மாநிலத்துக்குப் போன 720 ரூபாயில், சொந்த வரி வருவாயில் 10 விழுக்காட்டை உள்ளாட்சிகளுக்குப் பகிரும் மாநில நிதி ஆணைய முறைப்படி, 72 ரூபாய் தமிழ்நாட்டின் எல்லா ஊராட்சிகளுக்கும் பேரூராட்சிகளுக்கும் நகராட்சிகளுக்கும் மாநகராட்சிகளுக்கும் சேர்த்துக் கிடைக்கிறது. அதில் சென்னையின் துண்டு எவ்வளவு சிறியது என்பதை ஊகித்துக்கொள்ளலாம். அந்தத் துண்டும் தெருவிளக்கு, குப்பை, மழைநீர் வடிகால் என்றே செலவாகும்.

சான் பிரான்சிஸ்கோவின் 1.5 புள்ளிக் கணக்கை அதே அறைக்குப் போட்டுப் பார்த்தால், ஓர் இரவுக்கு 120 ரூபாய் ஊர்க் கலைக்கு வரும்.

கேளிக்கை வரி: பங்குக்குப் பதில் விலக்கு

கலை நிகழ்ச்சிகளோடு நேரடித் தொடர்புள்ள வரி கேளிக்கை வரிதான். மதராஸ் கேளிக்கை வரிச் சட்டம் 1939-இல் வந்தது. விற்பனை வரிச் சட்டமும் அதே ஆண்டுதான். கேளிக்கை வரியை அரசு வசூலித்தாலும் அதில் பெரும்பகுதி உள்ளாட்சிகளுக்கு உரியதாக இருந்தது. அறப்பணி, கல்வி போன்ற நோக்கங்களுக்காக நடக்கும் நிகழ்ச்சிகளுக்கு விலக்கு அளிக்கவும் சட்டத்தில் இடம் உண்டு. ஆனால் திரையரங்குகளிலிருந்து வந்த இந்தப் பணத்தில் ஒரு பங்கை நாடகத்துக்கோ கூத்துக்கோ எடுத்துவைக்கும் எண்ணம் சட்டமாகவில்லை.

வரியை வைத்துப் பண்பாட்டுக் கொள்கை நடத்தியதற்குத் தமிழ்நாட்டில் மிகவும் தெரிந்த நிகழ்வு 2006-இல் நடந்தது. தமிழில் பெயர் வைக்கும் திரைப்படங்களுக்குக் கேளிக்கை வரி விலக்கு என்று மாநில அரசு அறிவித்தது. ‘ஜில்லுனு ஒரு காதல்’ என்று அறிவிக்கப்பட்ட படம் ‘சில்லுனு ஒரு காதல்’ ஆனது. ‘எம்டன் மகன்’ ‘எம் மகன்’ ஆனது. 2011-இல் இந்த விலக்குக்குக் கூடுதல் நிபந்தனைகள் சேர்க்கப்பட்டன. சலுகை சேர்ந்தது திரைப்படத் தொழிலிடம், அதாவது தமிழ்நாட்டின் கலைகளிலேயே பணபலம் மிக்க ஒன்றிடம். வரியின் பெரும்பகுதி உள்ளாட்சிகளுக்கு உரியது என்பதையும் சேர்த்துப் பார்த்தால், சலுகையை அறிவித்தது கோட்டை, அதனால் குறைவது ரிப்பன் மாளிகைக்கு வரவேண்டிய பணம்.

ஜிஎஸ்டி வந்த பிறகும் அணுகுமுறை மாறவில்லை. கச்சேரி, நடனம், நாடகம் ஆகியவற்றுக்கான நுழைவுச்சீட்டு ஆளுக்கு 500 ரூபாய் வரை இருந்தால் வரி இல்லை. 2018 ஜனவரி வரை இந்த வரம்பு 250 ரூபாயாக இருந்தது. நாட்டார் கலை, செவ்வியல் இசை, நடனம், நாடகம் ஆகியவற்றை நிகழ்த்தும் கலைஞரின் ஊதியம் ஒரு நிகழ்ச்சிக்கு 1,50,000 ரூபாய்க்கு மேற்படாவிட்டால் அதற்கும் வரி இல்லை.

மூன்று பகுதிகள், பல பணப்பைகள்

மயிலாப்பூரையும் அதன் சுற்றுப்புறத்தையும் எடுத்துக்கொண்டால், சபாக்கள் அரசுப் பணத்தில் வளர்ந்தவை அல்ல. 1927-இல் சென்னையில் காங்கிரஸ் மாநாட்டை ஒட்டி நடந்த அகில இந்திய இசை மாநாட்டிலிருந்து பிறந்தது மியூசிக் அகாதெமி. 1928-இல் முறைப்படி தொடங்கியது. தி. நகரில் கிருஷ்ண கான சபா, வாணி மகாலில் இயங்கும் தியாக பிரம்ம கான சபா, டி.டி.கே. சாலையில் நாரத கான சபா என்று எல்லாமே உறுப்பினர் சந்தா, நுழைவுச்சீட்டு, அரங்க வாடகை, புரவலர் நன்கொடை, விளம்பரம் ஆகியவற்றில் ஓடுபவை. 2013-ஆம் ஆண்டின் நிறுவனச் சட்டம் பெரிய நிறுவனங்கள் தம் இலாபத்தில் 2 விழுக்காட்டைச் சமூகப் பொறுப்புப் பணிகளுக்குச் செலவிட வேண்டும் என்றது. அந்தப் பணிகளின் பட்டியலில் கலையும் பண்பாடும் உள்ளன. ஆண்டுதோறும் ஜனவரியில் கோயிலைச் சுற்றியுள்ள வீதிகளில் கோலப்போட்டியும் கச்சேரியுமாக நடக்கும் மயிலாப்பூர் விழாவின் பெயரிலேயே சுந்தரம் ஃபைனான்ஸ் என்ற புரவலரின் பெயரும் சேர்ந்து வரும்.

அடையாற்றில் 1936-இல் ருக்மிணி தேவி தொடங்கிய கலாக்ஷேத்ராவின் கதை வேறு. பின்னர் திருவான்மியூருக்கு இடம்பெயர்ந்த அது, 1993-ஆம் ஆண்டின் நாடாளுமன்றச் சட்டத்தால் தேசிய முக்கியத்துவம் வாய்ந்த நிறுவனமாகி, மத்திய பண்பாட்டு அமைச்சகத்தின் நிதியில் நடக்கிறது.

மாநில அரசின் பணம் வரும் வாசல், மயிலாப்பூருக்கும் அடையாற்றுக்கும் நடுவே இராசா அண்ணாமலைபுரத்தில் இருக்கும் தமிழ்நாடு இயல் இசை நாடக மன்றம். 1955-இல் சங்கீத நாடக சங்கமாகத் தொடங்கிய அமைப்பு இது. கலைமாமணி விருது கொடுப்பதால் செய்தித்தாளில் அடிபடும் இந்த மன்றம்தான் நலிந்த கலைஞர்களுக்கு உதவித்தொகையும் கொடுக்கிறது. மாதம் 3,000 ரூபாய். கலை பண்பாட்டுத் துறை, நாட்டுப்புறக் கலைஞர்கள் நலவாரியம் ஆகியவை மற்ற வாசல்கள். இவை எல்லாவற்றுக்கும் பணம் மாநில வரவுசெலவுத் திட்டத்திலிருந்து வருகிறது. இவ்வளவு என்று எந்த வரியோடும் பிணைக்கப்படவில்லை.

பிணைக்கப்படாவிட்டால் என்ன ஆகும் என்பதற்குச் சென்னை சங்கமம் நல்ல சான்று. 2007-இல் தொடங்கி, பறையாட்டம், கரகாட்டம், தெருக்கூத்து ஆகியவற்றை நாகேஸ்வர ராவ் பூங்கா போன்ற பொது இடங்களுக்குக் கொண்டுவந்த விழா அது. ஆட்சி மாறிய பின் நின்றுபோனது. மறுபடி ஆட்சி மாறிய பின், 2023 ஜனவரியில் ‘சென்னை சங்கமம் – நம்ம ஊரு திருவிழா’ என்ற பெயரில் திரும்ப வந்தது. இடைப்பட்ட ஆண்டுகளில் ஊரிலிருந்து பேருந்தில் வந்து ஆடிவிட்டுப் போன கலைஞர்களுக்கு அந்த வருமானம் இல்லாமல் போனது. சட்டப்படி ஒரு பங்கு இருந்திருந்தால் விழாவின் பெயர் மாறியிருக்கலாம், பொறுப்பாளர்கள் மாறியிருக்கலாம், பணம் நின்றிருக்காது.

பெசன்ட் நகரில் ஊரூர் ஆல்காட் குப்பத்தில் 2015-இல் தொடங்கிய விழா இந்த எந்த வாசலையும் தட்டாமல், தன்னார்வலர் உழைப்பிலும் தனிமனிதர் நன்கொடையிலும் மீனவர் குப்பத்திலேயே கர்நாடக இசையையும் பறையையும் ஒரே மேடையில் ஏற்றியது.

விலக்கு யாரை எட்டுகிறது?

வரி விலக்கும் ஓர் உதவிதான். ஆனால் அது வரி கட்டும் நிலையில் உள்ளவருக்கே உதவும். ஆண்டு வருவாய் 20 லட்சம் ரூபாயைத் தாண்டாத கலைஞர் ஜிஎஸ்டியில் பதிவு செய்யவே தேவையில்லை. அவருக்கு 1,50,000 ரூபாய் வரம்பு இருந்தாலும் ஒன்றுதான், இல்லாவிட்டாலும் ஒன்றுதான். அந்த விலக்கால் உண்மையில் பயன்பெறுபவர், ஆண்டுக்கு 20 லட்சத்துக்கு மேல் ஈட்டி, ஒரு கச்சேரிக்கு ஒன்றரை லட்சத்துக்குள் வாங்குபவர். நடுத்தர உயரத்தில் உள்ள ஒரு சிறு கூட்டம் அது.

500 ரூபாய்ச் சீட்டு விலக்கும் சீட்டு விற்கும் நிகழ்ச்சிக்குத்தான். மார்கழியில் பல சபாக்களில் பகல் பன்னிரண்டு, இரண்டு மணிக் கச்சேரிகளுக்கு அனுமதி இலவசம். அங்கே பாடுபவர்கள் பெரும்பாலும் வளரும் கலைஞர்கள். விற்காத சீட்டுக்கு விலக்கு என்ன செய்யும்? பக்கவாத்தியக்காரருக்கும் தம்பூராக் கலைஞருக்கும் கொடுக்க வேண்டியதைக் கொடுத்து, ஆட்டோவுக்கும் எடுத்துவைத்தால், பாடியவர் கையில் நிற்பது எவ்வளவு என்பது அந்த வட்டாரத்தில் எல்லோருக்கும் தெரிந்த கதை. வாய்ப்புக்காகக் கலைஞரே பணம் கொடுக்க நேர்கிறது என்ற புகாரும், குறிப்பாக நடன உலகில், பல ஆண்டுகளாக எழுந்துவருகிறது. பூங்காவிலும் தெருவிலும் ஆடும் கூத்துக் கலைஞரிடம் சீட்டே கிடையாது.

பங்கு முறையில் பணம் முதலில் ஒரு நிதியத்துக்கு வருகிறது; பிறகுதான் யாருக்கு என்று முடிவாகிறது. அந்த முடிவு தவறாகப் போகலாம், சான் பிரான்சிஸ்கோவில் போனது போல. ஆனால் கேள்வி கேட்க ஒரு தொகையாவது இருக்கும். விலக்கு முறையில் அரசு விட்டுக்கொடுத்த பணம் எவ்வளவு, யாரிடம் சேர்ந்தது என்பது எந்தக் கணக்கிலும் தனியே தெரிவதில்லை. 2017 இறுதியில் யுனெஸ்கோவின் படைப்பாற்றல் நகரங்கள் வரிசையில் இசைக்காகச் சென்னை சேர்க்கப்பட்டது. அந்தப் பெருமைக்குப் பின்னால் இப்படி ஒரு நிதியம் இல்லை.

சென்னையில் செய்ய முடியுமா?

விடுதி அறைக்கு மாநகராட்சி தனியே வரி போட இப்போதைய அரசமைப்பில் வழி இல்லை. 2016-ஆம் ஆண்டின் 101ஆவது திருத்தம், மாநிலப் பட்டியலின் 62ஆவது இனத்தில் இருந்த ஆடம்பர வரி அதிகாரத்தை நீக்கிவிட்டது. வரி என்றில்லாமல் கட்டணமாக வசூலிக்கலாம் என்று சில மாநிலங்கள் முயல்கின்றன. சிக்கிம் 2025 மார்ச் முதல் சுற்றுலாப் பயணிகளிடம் ஆளுக்கு 50 ரூபாய் வாங்குகிறது. அது சுற்றுலா வசதிகளுக்கான பணம், கலைக்கானது அல்ல.

அதே 62ஆவது இனத்தில் ஒன்று மட்டும் மிச்சம் வைக்கப்பட்டது: உள்ளாட்சி அமைப்புகள் விதித்து வசூலிக்கும் கேளிக்கை வரி. அதன்படி தமிழ்நாடு 2017-இல் உள்ளாட்சிகளுக்கான கேளிக்கை வரிச் சட்டத்தை இயற்றியது. திரையரங்குச் சீட்டில் ஜிஎஸ்டியோடு இந்த வரியும் சேர்வதை எதிர்த்து அப்போது திரையரங்குகள் மூடிப் போராடியது பலருக்கு நினைவிருக்கும். ஆகவே ‘விடுதி வரியில் பங்கு’ என்பதைச் சென்னைக்கு ஏற்ப மாற்றினால், அது கேளிக்கை வரியில் பங்கு என்றுதான் வரும். வரி ஏற்கெனவே இருக்கிறது, மாநகராட்சியின் வருவாயாகவே இருக்கிறது. தேவைப்படுவது ஒரு சட்டத்திருத்தம். தொகை பெரிதாக இராது. திரைப்படத் தொழில் வரிக்குறைப்பு கேட்கும் ஒவ்வொரு முறையும் அது ஆட்டம் காணவும் செய்யும்.

வருவாயோடு கட்டப்பட்ட நிதிக்கு இன்னொரு பலவீனமும் உண்டு. விடுதி காலியானால் கலை நிதியும் காலி. 2020-இல் கொரோனாவால் பயணங்கள் நின்றபோது விடுதி வரியை நம்பியிருந்த அமெரிக்க நகரங்களின் கலை அமைப்புகள், கலைஞர்களுக்குப் பணம் மிகவும் தேவைப்பட்ட நேரத்திலேயே அதை இழந்தன. சென்னையிலும் 2015 டிசம்பர் வெள்ளத்தின்போது சில கலைஞர்கள் கச்சேரிகளிலிருந்து விலகிக்கொண்டனர். 2020 மார்கழியில் சபாக்கள் இணையத்துக்கு மாறின. டி.டி.கே. சாலையில் பல தலைமுறை ரசிகர்களுக்குத் தெரிந்த, பார்க் ஷெரட்டன் என்றும் பின்னர் கிரவுன் பிளாசா என்றும் பெயர் கொண்ட விடுதி 2023 டிசம்பரில், இசை விழா நடந்துகொண்டிருந்தபோதே மூடப்பட்டது. நல்ல ஆண்டுகளில் ஒரு பகுதியைச் சேமித்துவைக்கும் விதி இல்லாமல் இப்படிப்பட்ட நிதியம் தாங்காது.

ஒரு வரியில் குறிப்பிட்ட பங்கைப் பண்பாட்டுக்கென்று பிரித்துவைக்கும் சட்டம் தமிழ்நாட்டில் ஏற்கெனவே ஒன்று உண்டு: 1948-ஆம் ஆண்டின் பொது நூலகச் சட்டம். எஸ். ஆர். அரங்கநாதனின் முயற்சியால் வந்தது அது. அதன்படி சொத்து வரியோடு நூலக வரியும் வசூலாகிறது. இப்போது அது சொத்து வரியில் 10 விழுக்காடு. மயிலாப்பூரில் வீடு வைத்திருப்பவர் கட்டும் தொகையில் அதுவும் அடக்கம். கிளை நூலகத்தில் நாளிதழ் வாங்குவது வரை அந்தப் பணம் போகிறது. எந்தக் கட்சி ஆட்சிக்கு வந்தாலும் அந்த வரி தொடர்ந்திருக்கிறது. வசூலித்த தொகையை உள்ளாட்சிகள் உரிய நேரத்தில் நூலக ஆணைக்குழுவிடம் சேர்க்காமல் பாக்கி வைப்பதும் பலமுறை செய்தியாகியிருக்கிறது. கலைக்கு ஒரு பங்கு கேட்பவர்கள் முதலில் படித்துப் பார்க்க வேண்டியது சான் பிரான்சிஸ்கோவின் சட்டத்தை அல்ல, இந்தச் சட்டத்தையும் அதன் பாக்கிக் கணக்கையும்.